கப்பல்துறையும் கணினித் துறையும்

திருகோணமலை நகரின் புறத்தே கப்பல்துறை என்றோர் ஊர் உண்டு. கப்பலையும் துறையையும் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் அது. அப்பெயரில் உள்ள 'துறை' என்னும் சொல்லையே கணினி அறிவியலைத் தமிழில் எழுதுவோரும் எடுத்தாண்டு வருகின்றனர். ஒரு கணினிக்குள் வெளியிலிருந்து வரும் தகவல் வந்து இறங்கும் இடம் துறை எனப்படுகிறது. ஆங்கிலத்திலும் துறைமுகத்தைக் குறிக்கும் சொல்லே அதற்கு வழங்குகிறது. இச்சொல்லொற்றுமை தற்செயலானதாக இருக்கலாம். ஆயினும், வலையமைப்பில் பலரும் கவனியாது விட்டுவிடும் ஒரு சிறு சேவையை விளங்கிக்கொள்வதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தைவிடப் பொருத்தமான உவமை வேறில்லை என்றே கூறலாம்.

அச்சேவையின் பழைய பெயர் போர்ட்மேப்பர். இன்றைய லினக்ஸ் கணினிகளில் அது ஆர்பிசிபைண்ட் என வழங்குகிறது. தொலைவிலுள்ள கணினியொன்றில் ஒரு பணியைச் செய்விக்க விரும்பும் மென்பொருளுக்கு, அப்பணியைச் செய்யும் நிரல் எந்தத் துறையில் காத்திருக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுப்பதே அதன் வேலை. இத்தகைய தொழில்நுட்ப விடயத்துக்கு ஆசிரியர் பக்கத்தில் இடமெதற்கு என வாசகர்கள் வினவலாம். எமது வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் பிரதேச செயலகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தமது பதிவுகளைக் கணினிக்கு மாற்றி வருகின்றன. அப்பதிவுகளில் இருப்பவை எமது மக்களின் பிறப்பும் இறப்பும், நோயும் மருந்தும், காணியும் கடனும் ஆகும். அவை வைக்கப்பட்டுள்ள அறைக்கு எத்தனை கதவுகள் உள்ளன, அவற்றுள் எது திறந்து கிடக்கிறது என்பதை அறிந்திருப்பது தொழில்நுட்பவியலாளரின் கடமை மாத்திரமன்று, எமது கடமையுமாகும்.

துறைமுகம் கற்பிக்கும் பாடம்

திருகோணமலைக் குடாவுக்குள் நுழையும் கப்பல்கள் யாவும் ஒரே இடத்தில் நங்கூரமிடுவதில்லை. கோதுமையுடன் வரும் கப்பல் பிரிமா மா ஆலையின் துறையை நாடிச் செல்கிறது. சீமெந்துக்கான மூலப்பொருளுடன் வருவது டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையின் துறைக்குச் செல்கிறது. எரிபொருட் கப்பலுக்குச் சீனக்குடாவில் தனித்துறை உண்டு. பொதுச் சரக்குக்கு, முன்னாள் துறைமுக அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் பெயரைத் தாங்கிய இறங்குதுறை இருக்கிறது. முதன்முறையாக இங்கு வரும் மாலுமியொருவர் இவை எல்லாவற்றையும் அறிந்திருக்கவேண்டியதில்லை. துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்தை எவ்வாறு அழைப்பது என்பதை மாத்திரம் அறிந்திருந்தால் போதுமானது. கடலில் செல்வோர் அனைவரும் அறிந்த பொது அழைப்பு அலைவரிசை 16 ஆகும். அதில் முதலில் அழைத்துப் பேசுவர். பின்னர் வேறோர் அலைவரிசைக்கு மாறிக் காரியத்தைத் தொடர்வர்.

கணினியிலும் இதுவே நடைபெறுகிறது. ஒரு கணினிக்கு 65,535 துறைகள் வரை உள்ளன. இணையப் பக்கங்களுக்கு 80, 443, மின்னஞ்சலுக்கு 25 எனச் சில துறைகள் உலகெங்கும் நிலையாக ஒதுக்கப்பட்டுள்ளன. ஆனால், தொலைவிலிருந்து அழைக்கப்படும் நிரல்களுள் பல, தமக்கென நிலையான துறை இல்லாதவை. கணினி இயங்கத் தொடங்கும்போது வெற்றாக இருக்கும் ஏதேனுமொரு துறையில் அவை அமர்ந்துகொள்கின்றன. இன்று ஓரிடம், கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் நாளை வேறிடம். எனவே எல்லோரும் அறிந்த ஓர் அலைவரிசையில் இருந்துகொண்டு, எவர் எங்கிருக்கிறார் எனச் சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார். அவரே போர்ட்மேப்பர். அவர் அமர்ந்திருக்கும் நிலையான துறையின் எண் 111.

எண் மாறாது, முகவரி மாறும்

தொலைவிலுள்ள கணினியின் நிரலை, தன்னுள்ளேயே இருக்கும் நிரலைப்போல அழைத்துப் பயன்படுத்தும் முறையைத் தொலைச் செயல்முறை அழைப்பு என்பர். இதனை எவ்வாறு நடைமுறைப்படுத்துவது என்பதை 1984இல் அண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் ஆகிய இருவரும் விரிவாக எழுதி வெளியிட்டனர். அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் இருந்த சிரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் நிகழ்ந்த பணி அது. அதே காலப்பகுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தனது சொந்த முறையை வகுத்தது. ஒரு கணினியின் கோப்புகளை வலையமைப்பிலுள்ள ஏனைய கணினிகளும் தம்முடையவை போலவே திறந்து பயன்படுத்த வழிசெய்த என்.எஃப்.எஸ். என்னும் ஏற்பாடு அம்முறையின் மீதே எழுப்பப்பட்டது. போர்ட்மேப்பர் அதனுடன் பிறந்ததாகும். 1988இல் அதன் இலக்கணம் பொது ஆவணமாக வெளியிடப்பட்டது. 1995இல் மேலும் இரு புதிய பதிப்புகள் அதனுடன் சேர்ந்தன.

இம்முறையில் ஒவ்வொரு நிரலுக்கும் நிலையான ஓர் இலக்கம் உண்டு. போர்ட்மேப்பருக்கு 100000, என்.எஃப்.எஸ். சேவைக்கு 100003, கோப்புத் தொகுதியை இணைத்துவிடும் சேவைக்கு 100005. இவ்விலக்கங்கள் மாறுவதில்லை. நிரல் அமர்ந்திருக்கும் துறைதான் மாறுகிறது.

இதனை எமது மக்களுக்கு விளக்குவது கடினமன்று. இடப்பெயர்வைக் கண்ட மாவட்டம் இது. ஒரு குடும்பம் மூதூரிலிருந்து கந்தளாய்க்கும், அங்கிருந்து உறவினர் வீட்டுக்கும், பின்னர் முகாமுக்கும், இறுதியில் சொந்த ஊருக்குமாக அலைந்திருக்கலாம். அவர்களின் தேசிய அடையாள அட்டையின் இலக்கம் எங்கு சென்றபோதும் மாறவில்லை. முகவரிதான் மாறிக்கொண்டே இருந்தது. அவர்களைத் தேடி வருபவர் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் செல்வார். இன்னார் இப்போது எங்கிருக்கிறார் என்பது அவரது பதிவேட்டில் இருக்கும். போர்ட்மேப்பர் கணினிக்குள் அமர்ந்திருக்கும் கிராம உத்தியோகத்தர் எனலாம். புதிதாக வரும் நிரல் அவரிடம் சென்று தன் இலக்கத்தையும் தான் இருக்கும் துறையையும் பதிந்துகொள்கிறது. நீங்கும்போது அப்பதிவை நீக்கிவிட வேண்டும். வெளியிலிருந்து வருபவர் இலக்கத்தைச் சொன்னால் துறையைச் சொல்லிவிடுகிறார். அத்துடன் அவரது பணி முடிகிறது. எஞ்சிய உரையாடல் வந்தவருக்கும் அந்த நிரலுக்கும் இடையே நேரடியாக நிகழ்கிறது.

பட்டியல் பகிரங்கமானால்

இதுவரை கூறியதில் ஆபத்து எதுவும் இல்லை. ஆபத்து அடுத்ததில் இருக்கிறது. 'உங்களிடம் பதிந்துள்ள அனைவரின் பட்டியலையும் தாருங்கள்' என்று எவரேனும் கேட்டால், போர்ட்மேப்பர் அதனையும் தந்துவிடும். கேட்பவர் யார், எங்கிருந்து கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார் என அது ஆராய்வதில்லை. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வுகூடங்களுக்குள் இயங்குவதற்காக வகுக்கப்பட்ட சேவை அது. உலகமே ஒரே வலையமைப்பாகும் காலத்தை எண்ணி அது அமைக்கப்படவில்லை. பெயர்ப்பட்டியல் ஒன்று தகாத கைகளுக்குச் சென்றால் என்ன நிகழும் என்பதை இம்மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு, அவர்கள் தமிழராயினும் முஸ்லிம்களாயினும், நாம் விளக்கத் தேவையில்லை.

மேலும் ஒரு வசதி அதில் இருந்தது. வந்தவர் நேரில் செல்லாமல், போர்ட்மேப்பரையே தூதாக அனுப்பி ஏனைய நிரல்களிடம் காரியம் கேட்கலாம். அவ்வாறு செல்லும் கோரிக்கை வெளியிலிருந்து வந்ததாகத் தோன்றாது. அதே கணினியின் உள்ளிருந்து வந்ததாகவே தோன்றும். வாயிற்காவலரின் சீருடையை அணிந்துகொண்டு அந்நியர் வீட்டினுள் நுழைவதை ஒத்தது இது. இக்குறைகளைக் கண்ட நெதர்லாந்து நாட்டவரான வியட்சே வெனெமா, அனுமதிக்கப்பட்ட கணினிகளுக்கு மாத்திரம் விடையளிக்கும் மாற்றுப் போர்ட்மேப்பரை எழுதி 1990களிலேயே இலவசமாக வழங்கினார். மருந்து அன்றே கிடைத்தது. அதனை உட்கொள்ளாதவர்களே பலர்.

விண்டோஸ் கணினிகளில் இதே பணியைச் செய்யும் சேவை 135ஆம் துறையில் இருக்கிறது. 2003 ஜூலை 16ஆம் திகதி, தொலைச் செயல்முறை அழைப்பைக் கையாளும் நிரற்பகுதியில் ஒரு குறை உள்ளதென மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அறிவித்து, திருத்தத்தையும் வெளியிட்டது. அதனைப் பொருத்தாதோர் கோடிக்கணக்கில் இருந்தனர். 26 நாட்கள் கழித்து, ஓகஸ்ட் 11ஆம் திகதி, பிளாஸ்டர் என்னும் நச்சுநிரல் அத்துறை வழியாக உலகெங்கும் பரவத் தொடங்கியது. அந்நாளில் விண்டோஸ் எக்ஸ்பி கணினியைப் பயன்படுத்தியோர், 60 விநாடிகளில் கணினி நின்றுவிடும் என்ற அறிவித்தல் திரையில் தோன்றியதை மறந்திருக்கமாட்டார்கள்.

2015 ஓகஸ்டில் லெவல் 3 என்னும் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் வேறொரு வகைத் தீங்கை வெளிப்படுத்தியது. இதில் போர்ட்மேப்பர் தாக்கப்படவில்லை. பிறரைத் தாக்கும் கருவியாக்கப்பட்டது. தீயவர் ஒருவர், தான் தாக்க விரும்பும் கணினியின் முகவரியை அனுப்புநர் முகவரியாகப் பொய்யாக எழுதி, 68 பைட்டு அளவுள்ள சிறு கேள்வியைப் போர்ட்மேப்பருக்கு அனுப்புகிறார். போர்ட்மேப்பரோ தனது முழுப் பட்டியலையும் அப்பாவியான அந்த மூன்றாமவருக்கு அனுப்பிவைக்கிறது. அவ்விடை 1,930 பைட்டுகள் வரை பெருகக் கண்டனர். அதாவது ஒன்றுக்கு 28 மடங்கு. உலகெங்கும் திறந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான போர்ட்மேப்பர்களிடம் ஒரே நேரத்தில் இவ்வாறு கேட்டால், பாதிக்கப்பட்டவரின் இணைப்பு வெள்ளத்தில் மூழ்கிவிடும். பொய்க் கையெழுத்துடன் வந்த கடிதத்தை நம்பி, ஊரார் எல்லோரும் ஒருவர் வீட்டு வாசலில் மூட்டை மூட்டையாகச் சரக்கை இறக்கினால் அவர் வெளியே வர முடியுமா?

2017இல் மற்றொரு குறை கண்டறியப்பட்டது. விசேடமாக ஆக்கப்பட்ட மிகச்சிறிய செய்திகளை அனுப்பி, ஆர்பிசிபைண்ட் இயங்கும் கணினியின் நினைவகத்தை ஜிகாபைட்டுக் கணக்கில் விழுங்கச் செய்து, அதனை முடக்கிவிட முடியும் என்பது அன்று தெரியவந்தது. திருத்தம் உடனே வெளியானது. திருத்தம் வெளியாவதும் அது பொருத்தப்படுவதும் ஒன்றல்ல என்பதைத்தான் 2003 ஏற்கனவே கற்பித்திருந்ததே!

'எம்மை யார் தேடப்போகிறார்கள்?'

சிறிய அலுவலகங்களில் நாம் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்றுண்டு. கொழும்பிலுள்ள வங்கியைத் தாக்குவார்கள். கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ உள்ள ஓர் அலுவலகத்தை யார் தேடப்போகிறார்கள் என்பதே அது. தேடுபவர் மனிதராக இருப்பின் இவ்வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் தேடுவது இயந்திரம். 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சிமேப் என்னும் கருவி, பழைய இணைய முகவரி முறையிலுள்ள ஏறத்தாழ 430 கோடி முகவரிகளிலும் ஒரு குறித்த துறை திறந்திருக்கிறதா என்பதை 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்த்துவிடும் வல்லமை பெற்றிருந்தது. அன்று முதல் எந்த முகவரியும் ஒதுக்குப்புறமானதன்று.

ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு கணினிகளின் கோப்புகளை ஒன்றாகச் சேமிப்பதற்காக ஒரு சேமிப்புப் பெட்டியை வாங்குகிறார்கள். பொருத்தவந்தவர் என்.எஃப்.எஸ். பகிர்வை இயக்கிவிடுகிறார், அதனுடன் போர்ட்மேப்பரும் ஓசையின்றி இயங்கத் தொடங்குகிறது. வீட்டிலிருந்தும் பார்க்கவேண்டும் என அதிகாரி கேட்க, அப்பெட்டிக்கு வெளியுலக முகவரி ஒன்றும் வழங்கப்படுகிறது. பணம் பெற்றுக்கொண்டு அவர் சென்றுவிடுகிறார். அன்று தொடங்கி அந்த அலுவலகத்தின் 111ஆம் கதவு தாழிடப்படாமல் வீதியை நோக்கித் திறந்து கிடக்கிறது. அங்கு எவரும் தவறு செய்ததாக எண்ணவில்லை. எல்லாம் 'வேலை செய்கிறது'. அதுவே இத்தகைய குறைகளின் கொடுமையாகும்.

என்.எஃப்.எஸ். சேவையின் இயல்பான அமைப்பில் மேலும் ஒரு பலவீனம் உண்டு. கோப்பைக் கேட்பவர் தன் பயனர் இலக்கம் இன்னதென்று சொன்னால் அது அப்படியே நம்பிவிடுகிறது. அடையாள அட்டையைக் காட்டாமல் இலக்கத்தை மாத்திரம் வாயால் சொல்லி, இன்னொருவரின் ஓய்வூதியத்தைப் பெற்றுச் செல்ல முடியுமாயின் நாம் அதனை ஏற்போமா? கேர்பரோஸ் என்னும் அடையாளச் சரிபார்ப்பு முறையைச் சேர்த்து இதனைத் தவிர்க்கலாம். அது இயலாதவிடத்து, இன்ன முகவரியுடைய கணினிகளுக்கு மாத்திரமே இக்கோப்புகள் என வரையறுத்தேனும் விடவேண்டும்.

செய்யவேண்டியவை

முதலாவது வினா, இச்சேவை எமக்குத் தேவைதானா என்பதாகும். லினக்ஸ் கணினியில் ஆர்பிசிஇன்ஃபோ என்னும் கட்டளை, போர்ட்மேப்பரிடம் பதிந்துள்ளவர்களின் பட்டியலைக் காட்டும். அதனை அலுவலகத்தின் உள்ளிருந்து ஒருமுறையும், வெளி இணைப்பொன்றிலிருந்து ஒருமுறையும் பார்க்கவேண்டும். வெளியிலிருந்து கேட்டும் விடை வந்தால், கதவு திறந்து கிடக்கிறது என்பது பொருள்.

தேவையில்லையெனின் நிறுத்திவிடுதலே நன்று. இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். இன்றைய லினக்ஸ் கணினிகள் பலவற்றில் ஆர்பிசிபைண்ட் சேவை ஓர் அலகாகவும், அதற்காகக் கதவருகே காத்திருக்கும் சொக்கெட் மற்றோர் அலகாகவும் இருக்கின்றன. சேவையை மாத்திரம் நிறுத்தினால், எவரேனும் கதவைத் தட்டியதும் சொக்கெட் அதனை மீண்டும் எழுப்பிவிடும். இரண்டையும் நிறுத்தவேண்டும்.

தேவையெனின் அதனை உள் வலையமைப்புக்குள் வைத்துக்கொள்ளவேண்டும். 111ஆம் துறையைத் தீச்சுவரில் டி.சி.பி., யு.டி.பி. ஆகிய இரு வழிகளிலும் மறித்து, அறிந்த கணினிகளுக்கு மாத்திரம் திறந்துவிடவேண்டும். 2015இன் தாக்குதலுக்குப் பயன்பட்டது யு.டி.பி. வழியே என்பதால், டி.சி.பி.யை மாத்திரம் மறித்துவிட்டு உறங்குவதில் பயனில்லை. ஐ.பி. 4ஆம் பதிப்பு முகவரிக்குத் தீச்சுவர் எழுப்பிவிட்டு 6ஆம் பதிப்பு முகவரியை மறந்துவிடுவதும் வழக்கமான தவறுகளுள் ஒன்றாகும். இடம் மாறிக்கொண்டிருக்கும் துணைச் சேவைகளுக்கு நிலையான துறைகளை ஒதுக்கிவிட்டால் தீச்சுவரின் விதிகளை எழுதுவதும் எளிதாகும்.

இவையனைத்தையும்விட இலகுவான வழியும் உண்டு. என்.எஃப்.எஸ். 4ஆம் பதிப்பு 2049 என்னும் ஒரே நிலையான துறையில் இயங்குவது. அதற்குப் போர்ட்மேப்பரின் உதவி தேவையில்லை. 2000ஆம் ஆண்டிலேயே அதன் முதல் வரையறை வெளியாயிற்று. கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் 3ஆம் பதிப்பில் இயங்கும் கணினிகளை வைத்திருப்போர், அதற்கான காரணத்தைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டும். பழைய அச்சியந்திரமோ பழைய பெட்டியோ அதற்குக் காரணமாக இருக்கலாம். அவ்வாறாயின் அந்தப் பழையதை உள்ளே வைத்துப் பூட்டுவதே முறை.

தமது வலையமைப்பில் எக்கதவுகள் வெளியே திறந்துள்ளன என்பதை அறிய விரும்பும் நிறுவனங்களுக்கு ஷாடோசேர்வர் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு இலவசமாக அறிக்கை வழங்குகிறது. திறந்து கிடக்கும் போர்ட்மேப்பர்களும் அதன் கணக்கெடுப்பில் உள்ளன. எமது நாட்டில் 2006இல் நிறுவப்பட்ட இலங்கை சேர்ட் அமைப்பு இத்தகைய விடயங்களில் ஆலோசனை கூறுகிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அத்துமீறி நுழைபவரைத் தண்டிக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபடி மேலே சென்று, தரவை வைத்திருப்பவருக்கும் கடமையுண்டு என்கிறது. கதவைத் திறந்து போட்டவர், திருடன்மீது பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிட முடியாது என்பதே அதன் சாரம்.

இழந்தவர்கள் அறிவார்கள்

2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் முகிற்கணினித் தொகுதி கப்பம் கோரும் நச்சுநிரலின் தாக்குதலுக்கு உள்ளானதை வாசகர்கள் அறிவர். அமைச்சரவை அலுவலகம் உட்படப் பல நிறுவனங்களின் மின்னஞ்சல்கள், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குரியவை, மீளப்பெற முடியாதவாறு அழிந்தன. அதற்கும் போர்ட்மேப்பருக்கும் தொடர்பில்லை. ஆயினும் காலாவதியான மென்பொருள் தொடர்ந்து பயன்பட்டதும், அக்காலப்பகுதிக்குரிய பிரதி எடுத்துவைக்கப்படாததுமே அன்றைய இழப்பைப் பெரிதாக்கின. பூட்டு எவ்வளவு நல்லதாயினும், பிரதியொன்று வேறிடத்தில் இருத்தல் அவசியம் என்பதை அந்நிகழ்வு உணர்த்துகிறது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரைகளைத் தாக்கியபோது, உயிர்களோடும் வீடுகளோடும் பெட்டிக்குள் இருந்த பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் கடலோடு போயின. 2006இல் மூதூரிலிருந்து கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடிய குடும்பங்களுள், கடதாசிகளை எடுக்க மறந்தவை எத்தனையோ. பின்னர் ஒரு சான்றிதழின் பிரதிக்காகக் கச்சேரி வாசலில் நாட்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு ஆவணத்தின் பெறுமதியை எவரும் எடுத்துரைக்கவேண்டியதில்லை. அந்தக் கடதாசிகளே இன்று கணினிக்குள் குடியேறியிருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவரிடம் இருப்பது பிறர் நம்பி ஒப்படைத்த அமானிதம்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி அறிவியல் பயிலும் மாணவர்கள் இம்மாவட்டத்தின் செல்வம். உரிய அதிகாரிகளின் எழுத்துமூல அனுமதியைப் பெற்று, தமது ஆசிரியர்களின் வழிகாட்டலில், மாவட்டத்தின் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் திறந்து கிடக்கும் துறைகளைப் பரிசோதித்து அறிக்கையிடும் பணியை அவர்கள் மேற்கொள்ளலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. பிரதேச செயலகங்களும் வலயக் கல்வி அலுவலகங்களும் முன்வந்தால் ஓரிரு மாதங்களில் முடியக்கூடியதே அது. சேவையைப் பொருத்துவதற்கு விலைமனு கோரும் அலுவலகங்கள், பொருத்தியவரே வெளியிலிருந்து சோதித்துக் காட்டவேண்டும் என்னும் நிபந்தனையை அம்மனுவில் ஒரு வரியாகச் சேர்ப்பதும் கடினமன்று.

துறைமுகம் இருக்கும் வரை துறைகள் திறந்திருக்கவே வேண்டும். மூடிய துறைமுகத்தால் எவருக்கும் பயனில்லை. ஆனால் எத்துறை எவருக்கு என்பதை அறிந்து திறப்பவரே துறைமுக அதிபர். எமது அலுவலகங்கள் ஒவ்வொன்றிலும் அத்தகைய ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்படவேண்டும். அவர் இன்றே செய்யத்தக்க முதற்பணி, 111ஆம் கதவு யாரை நோக்கித் திறந்திருக்கிறது என ஒருமுறை வெளியே வந்து நின்று பார்ப்பதாகும்.